ஆர்க்காடியின் பாலங்கள்

போன கிழமை ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கடைக்குள் நிற்கும்போது யாரோ கைதவறி ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கீழே போட்டுவிட்டார்கள். நம்முடைய ஊறுகாய் இல்லை. சதகுப்பை இலையும் உள்ளியும் போட்டு உப்புத் தண்ணீரில் ஊறவைத்த ரஷ்ய வெள்ளரிக்காய். எல்லோரும் விலகி நடந்தார்கள். நான் மட்டும் வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆர்க்காடியும் நானும் இருந்த அறை இப்படித்தான் மணக்கும்.

அந்த அறை புவனம் அன்ரி வீட்டின் பின்பக்கம், முன்பு கார் நிறுத்திய இடம். இரண்டு கட்டில், நடுவில் அவனுடைய வெள்ளரிக்காய் வாளி. இரண்டு பேரும் பரமட்டாவில் அலுவலகங்கள் துடைத்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அது பொருத்தமான வேலைதான். ஆர்க்காடி அவனுடைய நாட்டில் பாலம் கட்டிய எஞ்சினியர். எங்களுக்குள் பேச்சு ரஷ்ய மொழியில். நான் அதைக் கல்லூரியில் படித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட என்னை ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் ஒரு வீட்டில் எட்டு மாதம் போட்டு வைத்திருந்தான். பதினான்கு பேருக்கு ஐந்து கம்பளி. கீழே பேக்கரியில் பாண் விற்ற பெண்ணோடு பேசிப் பேசிப் பழகிய மொழி அது. ஆர்க்காடி சொன்னதை எல்லாம் இங்கே என் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன். அவன் கோபிக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய கூட்டாளிகள் பின்வளவுக்கு வருவார்கள். அவர்களில் தங்கள் நாட்டில் சாதாரண ஆளாக இருந்த ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. டாக்சி ஓட்டியவர் அங்கே பெரிய இசைக்குழு நடத்தியவர். வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோனவர் நீர்மூழ்கிக் கப்பலில் தலைமை அதிகாரி. இரண்டாவது கிளாசுக்குப் பிறகு அந்தக் கப்பல் இன்னும் கொஞ்சம் நீளும். சிரிக்க எனக்கு வாயில்லை. இங்கே வந்த நம்முடைய ஆட்களில் எவருக்காவது ஊரில் சிறிய வீடு இருந்ததா? அப்பாவின் ஒற்றை மாட்டை அந்த வளவில் வைத்துப் பத்து மாடாக்கியவன் நான்.

ஆர்க்காடிக்குப் பாலங்கள். வசந்தத்தில் ஆற்று ஐஸ் உடைந்து மலைமலையாக வந்து தூணில் மோதுமாம், தூண் அசையாதாம். அதைச் சொல்லும்போது எழுந்து நின்று அவனே தூணாகிவிடுவான். அன்ரி உடுப்புக் காயவைக்கக் கொடி கட்டினால் அதன் தொய்வைக் கணக்குப் போட்டுக் குறை சொல்வான்.

"இவர் ஒரு நாளும் கட்டித் தரமாட்டார், பிழை மட்டும் பிடிப்பார்," என்பார் அன்ரி.

அவன் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் வருந்துகிறோம் என்றே பதில் வந்தது. கடைசியில் பாலங்களைப் பராமரிக்கும் அலுவலகம் ஒன்று நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. பரமட்டாவில், காலை பத்து மணிக்கு.

"இதுதான் கடைசி," என்றான். "இதுவும் இல்லையெண்டால் சேர்ட்டிபிக்கேற்றுகளைக் கிழிச்சுப்போட்டுத் துடைக்கிற வாளியோட இருந்திடுவன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிழிக்கக்கூடியவன்தான்.

அன்று காலை அன்ரியின் காலமான கணவருடைய கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அன்ரி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தான். "எல்லாரும் இருங்கோ," என்றான். பயணம் புறப்படுமுன் வீட்டிலிருப்பவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், அவர்கள் வழக்கம். மூன்று பேரும் மூன்று கதிரையில் இருந்தோம். பிறகு எழுந்து வாசலைத் தாண்டினான்.

"தம்பி, சாப்பாட்டுப் பெட்டி," என்று அன்ரி கூப்பிட்டார். அவனோடும் அவர் தமிழில்தான் பேசுவார். அவனுக்கு எப்படியோ விளங்கும்.

"என்ன அன்ரி, போறவனைப் பின்னால கூப்பிட்டிட்டியள்," என்றேன்.

அன்ரி பதறிவிட்டார். "உள்ளுக்கு வரச் சொல்லு. இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

அது நம்முடைய வழக்கம். வந்தான், இருந்தான், குடித்தான். ஆனால் புறப்பட்டவன் வீட்டுக்குள் திரும்பினால் கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டும். அது அவனுடைய வழக்கம். பார்த்தான். இனி இது புதுப் பயணம், ஆகவே மறுபடியும் எல்லோரும் கதிரையில் ஒரு நிமிடம். இந்த அமளியில் பெட்டி மேசையிலேயே கிடந்தது. அன்ரி இந்த முறை கூப்பிடாமல் ஓடிப்போய், வாசலுக்கு உள்ளே நின்று அதை நீட்டினார். வாசற்படிக்கு மேலால் எதையும் வாங்கக் கூடாதாம். வாங்குவதற்கு உள்ளே வந்தான். உள்ளே வந்தால் கண்ணாடி. கண்ணாடி என்றால் கதிரை.

"தண்ணி?" என்று அன்ரி கேட்டார்.

"இந்த முறை நீங்கள் கூப்பிடேல்லைத்தானே."

"எதுக்கும் குடிக்கட்டும்."

ரயில் போய்விட்டது. அன்ரி தன் பழைய காரில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிப் போனார். மூன்றாவது கியருக்கு மேல் ஒரு நாளும் போயறியாத மனுஷி. ஆர்க்காடி அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது இருபத்தைந்து நிமிடம் பிந்திவிட்டது.

"என்னாலதான்," என்று அன்ரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "பட்டினியா விட்டிருக்கலாம்."

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு வந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் காரின் கூரையில் தட்டினான். ஏன் பிந்தினாய் என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பலகையில் வாசல், கண்ணாடி, கதிரை, தண்ணீர் எல்லாம் வரைந்து அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறான். இரண்டு நாடுகளின் பாதுகாப்பு ஏற்பாடுகள். தனித்தனியே இரண்டும் சரி, சேர்த்துப் பூட்டினால் மனிதன் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. அங்கிருந்த மூத்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் அலுவலகத்திலும் இதே கோளாறுதான் என்றாராம்.

வேலை கிடைத்தது. அன்ரி ரோல்ஸ் பொரித்தார். நீர்மூழ்கிக்காரர் கொடிக்கயிற்றுக்குக் கீழே குந்தியிருந்து காலை வீசி ஆடினார். ஆடியவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இப்போது அன்ரியின் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. டாக்சிக்காரரும் மற்றவர்களும் நல்ல வேலைகளுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆர்க்காடி குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறான். மேற்குப் புறநகர்களில் மூன்று சின்னப் பாலங்களில் வெடிப்பு விழுகிறதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. போன மாதம் போயிருந்தேன். நாய்க்குட்டியைப் பற்றியும் கூரை ஒழுக்கைப் பற்றியும் நிறையச் சொன்னான்.

"அந்த ஐஸ் வந்து மோதின பாலத்தைச் சொல்லு, கேப்பம்," என்றேன்.

"எந்தப் பாலம்?" என்று கேட்டான். புல்லு வெட்டும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.