நான் சொல்லாமல் இணைத்த கம்பி

தொழிற்சாலையில் ஜெனரேட்டரைச் சோதனைக்காக ஓட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று அது தானாக நின்றது. எண்ணெய்க் குழாய் ஒன்று கசிந்திருக்கிறது; அழுத்தம் குறைந்ததும் யாரும் தொடாமலே டீசலை நிறுத்திக்கொண்டு அடங்கிவிட்டது. உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அந்த யோசனை வந்தது அப்போதுதான். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையிலேயே பேனாவால் வரைய ஆரம்பித்தேன். மாமாவின் மீன்பிடிப் படகுக்கு இது வேண்டும். உடனே வேண்டும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். வீடு திகாம் பத்துவில். முன்பு மீன் லாரி ஓட்டினார். பிறகு ஒரு மலாய்க்காரக் கூட்டாளியோடு சேர்ந்து படகு வாங்கி, மெர்போக் ஆற்று முகத்துவாரத்திலிருந்து கடலுக்குப் போகிறார். எங்கள் தமிழாட்களில் அப்படிக் கடலுக்குப் போகிறவர்கள் குறைவு. போன மாதம் எண்ணெய் ஒழுகி அவருடைய இன்ஜின் நடுக்கடலில் இறுகிப்போனது. வேறொரு படகு வந்து இழுக்கும்வரை அரை நாள் மிதந்தார்கள். அன்றைக்கு அக்கா எனக்கு மணிக்கொருமுறை போன் பண்ணினாள்.

ஜெனரேட்டர் நின்ற வாரத்து ஞாயிற்றுக்கிழமையே, நான் வேலை செய்யும் பாக்கார் ஆராங்கிலிருந்து கிளம்பிப் படகுத்துறைக்குப் போய்விட்டேன். மாமா இறுகிப்போன இன்ஜினைச் சரிபண்ணித் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். பழைய லாரி இன்ஜின்தான். என் யோசனையைச் சொன்னேன்.

"எண்ணெய் குறைஞ்சா அலாரம் அடிக்கட்டும், போதும். இன்ஜினை நிறுத்துற வேலையெல்லாம் வேணாம்," என்றார்.

"ஏன் மாமா? நின்னாத்தானே இன்ஜின் பிழைக்கும்?"

"இன்ஜின் பிழைக்கும். நாம?" கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாலிடெக்னிக் படிச்சவங்க தரையில நின்னுக்கிட்டே யோசிப்பாங்க லா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அலாரத்துக்கு ஒரு கம்பி இழுத்தேன், அவர் முன்னாலேயே. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், டீசல் வால்வுக்கு இன்னொரு கம்பி இழுத்தேன். அழுத்தம் இரண்டு வினாடி குறைந்தால் டீசல் நிற்கும். நின்றபின், ஒருவர் காரணம் பார்த்து விடுவிக்கும்வரை வால்வு பூட்டியே இருக்கும்; சாவியைத் திருப்பினாலும் ஓடாது. தொழிற்சாலையில் அதுதான் முறை. கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி இரண்டு கம்பியையும் ஒரே கம்பிபோல ஆக்கினேன். ஒருநாள் அது இன்ஜினைக் காப்பாற்றும், அப்போது சொல்லிக்கொள்ளலாம், மாமா முகம் எப்படி மாறுகிறது பார்க்கலாம் என்று நினைத்தேன். வேறு காரணமே கிடையாது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினில் கை வைத்தவர் முதல் ஓட்டத்தில் கூடப் போக வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்டும்வரை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.

மறுநாள் காலையில் கடல் சாதுவாக இருந்தது. முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கிறது என்றார்கள். என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வலை இழுத்தபோது கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் பளபளத்தது. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கச்சிதம்.

மத்தியானம் கூட்டாளி தலையைத் தூக்கிக் கரைப்பக்கம் பார்த்தார். கரைக்கு அடையாளமான ஜெராய் மலையைக் காணோம். மழை மறைத்திருந்தது. அவர் வலையை வேகமாக உள்ளே இழுக்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் மேற்கிலிருந்து காற்று வந்து முதுகில் அறைந்தது.

முகத்துவாரத்துக்கு வந்தபோது காலையில் பார்த்த இடமா இது என்றிருந்தது. நீர் வற்றும் நேரம். ஆறு வெளியே தள்ளுகிறது, காற்று உள்ளே தள்ளுகிறது. நடுவில் மணல்திட்டின் மேல் அலைகள் சுவர் மாதிரி எழும்பி நின்று உடைந்தன. மாமா முன்னால் பார்க்கவே இல்லை. ஒரு கை சுக்கானில், ஒரு கை வேகத்தைக் கூட்டும் பிடியில். கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அலையின் முதுகில் ஏறி அதோடேயே போக வேண்டும். அதை முந்தினால் மூக்குக் குத்தும். பிந்தினால் அடுத்தது பின்னாலிருந்து ஏறிவிடும்.

"பெகாங்!" பிடித்துக்கொள் என்று கூட்டாளி மலாயில் கத்தினார். எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என்ன என்று தெரியவில்லை.

மூன்றாவது அலையில் பின்பக்கம் தூக்கியது. முன்பக்கம் கீழே சாய்ந்து அப்படியே நின்றது. அப்போது எனக்குப் புரிந்தது. இன்ஜின் தொட்டியின் எண்ணெய் முழுக்க முன்னால் சரிந்திருக்கும். உறிஞ்சும் குழாய் இருப்பது பின்னால்; எண்ணெய் கிடைக்காமல் அழுத்தம் விழுந்துவிடும். தொழிற்சாலைத் தரை சாய்வதில்லை.

அலாரம் அடித்தது. ஒன்று, இரண்டு. இன்ஜின் நின்றது.

"என்னா லா இது! ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது!" என்று மாமா கத்தினார்.

படகு பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது. கூட்டாளி மீன்கூடை ஒன்றைக் கயிற்றோடு பின்னால் வீசினார். அது தண்ணீரில் பிடித்து இழுக்க, திரும்புவது கொஞ்சம் நின்றது. அடுத்த அலை எங்கள் மேலேயே விழுந்தது. முழங்கால்வரை தண்ணீர். மாமா சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எத்தனை முறை திருப்பினாலும் ஓடாது என்று அந்தப் படகில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"மாமா, நான்தான். நிறுத்துற கம்பி ஒண்ணு போட்டிருக்கேன்."

"எங்க?" என்று மட்டும் கேட்டார்.

தவழ்ந்து போய் இன்ஜின் பெட்டி மூடியைத் தூக்கினேன். சூடு முகத்தில் அடித்தது. ஒரே கம்பிபோல ஒட்டியிருந்த இரண்டு கம்பிகள். நான் சுற்றிய டேப் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. நகம் நுழைய இடமில்லை. பல்லால் கடித்தேன். பின்னால் கூட்டாளி வாளியால் தண்ணீரை இறைத்தபடி மலாயில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கூப்பிட்டேன், எந்தச் சாமியை என்று நினைவில்லை. டேப் கிழிந்தது. எது எந்தக் கம்பி என்று பார்க்க நேரமில்லை. கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினேன். மாமா சாவியைத் திருப்பியும் இன்ஜின் உறுமவில்லை. அடுத்ததையும் பிடுங்கினேன்.

இன்ஜின் ஒருமுறை இருமி, ஓடியது.

கரை வந்ததும் துறைப் பலகையில் உட்கார்ந்தேன். கூட்டாளி என் பக்கத்தில் வந்து, "உன் டேப் ரொம்ப நல்லாருக்கு. போட்ல ஓட்டை விழுந்தா உன்னையே கூப்பிடுறோம்," என்று மலாயில் சொன்னார். மாமா சிரிக்கவில்லை.

"அக்காகிட்ட நீயே சொல்லு," என்றார்.

சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம்னு அவர் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

அது நடந்து இரண்டு வாரமாகிறது. தூங்கும்போது கட்டில் முன்பக்கம் சாய்வதுபோல இருக்கும். விழித்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் மூளை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எண்ணெய்த் தொட்டிக்குள் இரும்புத் தகடுகளைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தால், படகு சாயும்போது எண்ணெய் மொத்தமாக ஓடிவிடாது. தகடுகளை வெட்டி வைத்துவிட்டேன். காகிதத்தில் வரைந்து மாமாவிடம் காட்டினேன். வரைந்த தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"தகடு உன் வேலை. கம்பி என் வேலை," என்றார். "ஒரே ஒரு கம்பி. அலாரத்துக்கு."

இந்த வாரம் தொட்டியைக் கழற்றித் தகடுகளைப் பற்றவைக்கிறோம். தொட்டியை மாட்டியதும் முதலில் இன்ஜினைத் தரையிலேயே பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அலையில் சாய்ந்த அளவுக்குச் சாய்த்து ஓட்டிப் பார்ப்பேன். அழுத்தம் குறையாமல் இருந்தால், சனிக்கிழமை நீர் ஏறும் நேரத்தில், சின்ன அலையில், மணல்திட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும். வழக்கப்படி நானும் ஏற வேண்டும். மாமா அழுத்தத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை.