தண்ணிக்கு டிக்கெட் கிடையாது

"வடை எவ்ளோ?" என்று சிங்காரம் கேட்கிறார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் விலையைச் சொல்வதில்லை. "நூத்தம்பது, கண்டக்டரே" என்கிறார். அது ரூபாய் இல்லை, கலோரி. சிங்காரம் வடையை ஒரு தடவை ஆசை தீரப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், சர்க்கரை போடாத டீயை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறார். கடைக்காரருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் சிங்காரம் இருபது வருஷத்துக்கு மேலாகக் கண்டக்டர். "ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், செதம்பரோம்!" என்று அவர் கூவினால் கடைசி 'ரோம்' மட்டும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கேட்கும். நல்ல உயரம், நல்ல மனசு, நல்ல தொப்பை. தோல்பை அந்தத் தொப்பை மேலேயே உட்கார்ந்திருக்கும், பிடிக்கவே வேண்டாம். கூட்ட நேரத்தில் அவர் உள்ளே நுழைந்தால் நிற்கிறவர்கள் எல்லாரும் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொள்வார்கள். "ஒங்களுக்கு ஒன்றரை டிக்கெட்டு போடணும் கண்டக்டரே" என்று பரங்கிப்பேட்டை பாய் ஒருத்தர் தினமும் சொல்வார். "லக்கேஜ் டிக்கெட்டா போட்டுக்கலாம் பாய்" என்று இவரும் தினமும் சொல்வார். இரண்டு பேருக்கும் சிரிப்பு தீராது.

போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வீட்டுக்காரம்மா சந்திரலேகாவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டி வரவேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். அந்த அம்மாள் டம்ளரில் அளந்து வைத்துக்கொண்டு, வெயில் காலம் பூராவும் உதட்டை நனைத்து நனைத்தே ஓட்டினார். கிட்னி மாற்றினால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். பார்த்ததில் புருஷனுடையதே பொருந்தியது. சிங்காரத்துக்கு லாட்டரி விழுந்த சந்தோஷம். "எப்ப வரட்டும் டாக்டர், நாளைக்கேவா?" என்று கேட்டார். டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தொண்ணூத்தி மூணு கிலோவ வெச்சுக்கிட்டு ஆபரேஷன் டேபிள்ல ஏற முடியாது. எண்பத்திரண்டுக்கு வாங்க, அப்புறம் பேசலாம்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் கலோரிக் கணக்கு. மனுஷனுக்கு அது சுலபமாக வந்துவிட்டது. "வாய்க்குள்ள ஏறுற ஒவ்வொருத்தனுக்கும் டிக்கெட்டு போட்டுடணும். அவ்ளோதான விஷயம்?" என்பார். இட்லிக்கு ஐம்பது, தேங்காய்ச் சட்னிக்கு ஒரு கரண்டிக்கு இவ்வளவு, வாழைப்பழத்துக்கு இவ்வளவு என்று விரல்விட்டு எண்ணுவார். டிரைவர் அய்யனார் ஒரு முறுக்கை நீட்டினால், "எறங்குறவன் எறங்குன பெறவுதான் ஏத்த முடியும்ண்ணே" என்று கையைத் தள்ளிவிடுவார். காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வேர்க்க வேர்க்க நடப்பார். மீன் குழம்பில் மீனை மட்டும் எடுத்துக்கொண்டு குழம்பைப் பார்க்காத மாதிரி இருப்பார். அடேயப்பா, கடலூர்க்காரன் ஒருத்தன் மீன் குழம்பை வேண்டாம் என்பது சாதாரணக் காரியமா?

அப்படியும் எடை குறையவில்லை. ஒரு மாதம் அரைக் கிலோ குறையும், மறு மாதம் முக்கால் கிலோ ஏறும். சிங்காரம் ஆஸ்பத்திரி எடை மெஷினையே சந்தேகப்பட்டார். வீட்டுப் பக்கத்து அரிசிமண்டி தராசில் ஏறிப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது.

சாயங்காலக் கதையை இங்கே சொல்லியாகவேண்டும். கடைசி நடை முடிந்ததும் அய்யனாரும் சிங்காரமும் ஒயின்ஷாப் பக்கத்து பாரில் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தி. பஸ்ஸிலேயே நாள் பூராவும் நின்ற காலுக்கு அது மருந்து என்பது சிங்காரத்தின் கட்சி. "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது "இல்லீங்க" என்று சொன்னதும் பொய் என்று அவர் நினைக்கவில்லை. வேட்டி அவிழ்ந்து ரோட்டில் கிடக்கிறவனுக்குத்தான் குடிப்பழக்கம். டூட்டி முடிந்து அளவாகத் தண்ணி போட்டு, நேராக நடந்து வீட்டுக்குப் போகிறவனை யார் குடிகாரன் என்பார்கள்? எடை குறைக்க ஆரம்பித்த பிறகு மிக்சரையும் சில்லி சிக்கனையும்கூட நிறுத்திவிட்டு வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டார். பிராந்தியில் எண்ணெய் இல்லை, அதற்கு எதற்கு டிக்கெட்? "தண்ணிதானே, வந்த வழியே போயிடும்" என்று அய்யனாரும் ஒத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற பெண்ணுக்குப் பெயர் வெண்மதி. சின்ன வயசு, சிரித்த முகம். முதல் தடவை போனபோதே கேட்டாள். "ராத்திரிக்கு என்ன சார் சாப்பிடுவீங்க?"

"ரெண்டு இட்லி மேடம். அதுக்கு முன்னாடி தண்ணி."

"ரொம்ப நல்லது. சாப்பாட்டுக்கு முன்னாடி தண்ணி குடிச்சா வயிறு ரொம்பிடும், ஜாஸ்தி சாப்பிட மாட்டீங்க. விட்டுடாதீங்க."

சிங்காரம் அசந்துபோனார். வெளியே வந்து, "என்னா படிப்பு படிச்சிருக்குது பாரு லேகா! உள்ளத உள்ளபடி சொன்னேன், ஒரு வார்த்த திட்டலியே!" என்று மாய்ந்து மாய்ந்து சொன்னார். சந்திரலேகா கூடவேதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை போனபோது எடை தொண்ணூற்று நான்கு. வெண்மதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சார், நீங்க எதையோ சொல்லாம விடுறீங்க." சிங்காரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. காலை இட்லி முதல் ராத்திரி இட்லி வரை ஒரு பருக்கை விடாமல் ஒப்பித்தார். கடைசியில் அவள், "தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு குவாட்டரு மேடம்."

"கால் லிட்டரா? அது எப்படிப் போதும்? நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும் சார்."

"மூணு லிட்டரா!" சிங்காரம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "மூணு லிட்டரு குடிச்சுட்டு நான் எங்க கெடப்பேன், இவள யாரு மேடம் வீட்டுக்குக் கூட்டிப் போறது?"

வெண்மதி அவரையே பார்த்தாள். "சார், நீங்க எந்தத் தண்ணியச் சொல்றீங்க?"

"நம்ம தண்ணிதான். பிராந்தி."

அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். ஒரு குவார்ட்டர் என்றால் எட்டு இட்லி. ஆனால் எட்டு இட்லி தின்ற மாதிரிப் பசியும் அடங்காது, சத்தும் சேராது, கணக்கு மட்டும் ஏறும். அதோடு, அது உள்ளே போனால் உடம்பு மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும். சாப்பாடு வரிசையில் நிற்கும். நின்று நின்று, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாக உட்கார்ந்துவிடும். "அது மட்டுமில்ல சார். குடிச்ச பெறகு ரெண்டு இட்லின்னு சொல்றீங்களே, ரெண்டுதான்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

சிங்காரம் யோசித்தார். தெரியவில்லை. தண்ணி உள்ளே போனதும் கண்டக்டர் தூங்கிப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு யார் ஏறினார்கள் என்று யார் கண்டது? "சுத்தமா விடணும். டாக்டர்கிட்டயும் நீங்களே சொல்லணும், கல்லீரல எல்லாம் பாத்தாத்தான் ஆபரேஷன்" என்றாள் வெண்மதி. அன்றைக்கே போய்ச் சொன்னார். டாக்டர் திட்டிய திட்டில் சிங்காரத்துக்குக் காது சிவந்துபோனது.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அவருக்கு அது உறைத்தது. புதுச்சேரி எல்லைக் கன்னியக்கோயிலில் ஒயின்ஷாப்புகளைப் பார்த்து நாலைந்து பேர் இறங்கி ஓடினார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

"மூணு தடவையும் நீ கூடத்தான இருந்த லேகா? அந்தப் பொண்ணுக்குப் புரியலன்னா பரவால்ல, ஒனக்குத் தெரியாதா நான் எந்தத் தண்ணியச் சொல்றேன்னு? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சந்திரலேகா வீங்கின கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார். "கொறஞ்சா அறுத்துருவாங்கல்ல" என்றார்.

சிங்காரம் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குற ஒடம்பு. எனக்காக எதுக்குங்க கத்தி வெக்கணும்? பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சி. நான் இருந்து என்னா ஆவப்போவுது? நீங்களாச்சும் முழுசா இருங்க. அதான் நீங்க கேக்காமலே ரெண்டு இட்லி சேத்துத்தான் வெச்சேன்."

"நீ போயிட்டா, ரெண்டு கிட்னிய வெச்சுக்கிட்டு நான் என்னாடி பண்ணுவேன்!" என்றார் சிங்காரம். செதம்பரோம் என்று கூவிப் பழகிய தொண்டை அல்லவா, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "மெதுவாப் பேசுங்க" என்று சந்திரலேகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றோடு விட்டார். சொல்ல லேசாக இருக்கிறது. முதல் பத்துப் பதினைந்து நாள் கை நடுங்கியது, தூக்கம் பிடிக்கவில்லை. புதுச்சத்திரத்தில் ஆலப்பாக்கம் என்று கத்தி, ஒரு கல்யாணக் கோஷ்டியைப் பாதியில் இறக்கிவிடப் பார்த்தார். பரங்கிப்பேட்டை பாய் மேலேயே எரிந்து விழுந்துவிட்டு, மறுநாள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அய்யனார் மட்டும் பாருக்குப் போகிற வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். சிங்காரம் சைக்கிளை எதிர்த்திசையில் திருப்பிவிடுவார்.

ஆனால் ஒரு சிக்கல். பொழுதோடு வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்ததே இல்லை. அவர் வரும்போது சந்திரலேகா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்திருப்பார். இப்போது இரண்டு பேரும் அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி.க்கு முன்னால், பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஓடவில்லை. ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல், அன்றைக்குப் பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்டுச் சண்டை போட்ட ஒரு கிழவரை நடித்துக் காட்டினார். சந்திரலேகா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைச் சிங்காரம் கல்யாணமான புதிதில் பார்த்தது.

அப்புறம் தினமும் ஒரு கதை. சின்னம்மாள் என்கிற மீன்காரம்மா கூடையோடு ஏறின கதை, காலேஜ் பையன் காதல் கடிதத்தை டிக்கெட் என்று நீட்டின கதை. கதை சொல்லிக்கொண்டே அவர் அந்த அம்மாளின் வீங்கின பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிடுவார். எடை குறைய ஆரம்பித்தது. தோல்பை தொப்பையிலிருந்து நழுவி இடுப்புக்கு இறங்கியது. பாய் ஒரு நாள், "ஒன்னேகால் டிக்கெட்டு போதும் இனிமே" என்றார்.

தை மாதம் சிதம்பரத்தில் மச்சான் அன்பரசு வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அன்பரசு கூப்பிட்டார். "மாமா, இன்னிக்கு ஒரு நாளு. ஒரே ஒரு கட்டிங்கு, அரைக் குவாட்டருதான். எம்பொண்ணு கல்யாணம் மாமா!"

சிங்காரம் டம்ளரைப் பார்த்தார். வாசனை மூக்கில் ஏறியது. நாக்கு ஊறியது, அதை ஒளிக்கவும் இல்லை. "மச்சான், இதுல நாலு இட்லி இருக்குடா" என்றார். "அந்த நாலு இட்லியில ஒங்க அக்கா இருக்குறா."

அன்பரசு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அக்காவைப் பற்றி யாரும் அவரிடம் அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. கல்யாணக் கூட்டத்தில் மாமாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பெண்ணைப் பெற்றவர் அழுவது இயற்கைதானே என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மண்டபத்து ஜன்னலில் நின்ற சந்திரலேகா மட்டும் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு ஊர் திரும்பும்போது அவர் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாளைக்கும் பொழுதோட வந்துருவீங்கல்ல? அந்த மீன்காரம்மா கத பாதியில நிக்குது."

போன வியாழக்கிழமை எடை பார்க்கிற நாள். கல்லீரல் சோதனை எல்லாம் சரியாக வந்துவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. சிங்காரம் செருப்பைக் கழற்றினார், வாட்சைக் கழற்றினார், விசில், மணிபர்ஸ், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் பெஞ்சில் வைத்தார். மெஷினில் ஏறி நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். முள் ஆடி ஆடி, எண்பத்திரண்டைத் தாண்டி ஒரு மயிரிழையில் நின்றது.

"கொஞ்சம் கூட இருக்கு சார்" என்றாள் நர்ஸ். "அடுத்த மாசம் வேணா ஒரு தடவ பாப்போம்."

சிங்காரம் கண்ணைத் திறக்கவில்லை. அப்போது பெஞ்சிலிருந்து சந்திரலேகா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கழுத்தில் கிடக்கிற தாலி எப்படியோ, அப்படித்தான் அவருக்குப் புருஷன் இடுப்பில் கிடக்கிற அரைஞாண் கொடியும். கல்யாணத்தில் அவருடைய அப்பா போட்ட கெட்டி வெள்ளிக்கொடி. ஆம்பளை உயிரோடு இருக்கையில் அதைக் கழற்றுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. சந்திரலேகா கணவர் சட்டையை லேசாகத் தூக்கினார். வீங்கின விரலால் கொக்கியைத் தடவித் தடவித் தேடி, அதைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இப்பப் பாரும்மா" என்றார் நர்ஸிடம்.