மாரிசாமி பெயரில் ஒரு சிம்

பெரகல சந்தியில் பஸ் மாறுகிற தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் பாக்கியலெட்சுமியைத் தெரியும். ஃபோன், கொப்பி, சிம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற மொஹிதீனின் கொமியூனிகேஷன் கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினிக்கு முன் உட்கார்ந்திருப்பாள். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணி, பதுளையில் ஆறு மாதம் கணினி படித்துவிட்டு, இரண்டாயிரத்து ஒன்றில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

சேமலாப நிதிப் பணம் எடுக்க, வங்கிப் புத்தகத்துக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எதற்கும் அடையாள அட்டையின் கொப்பி கேட்பார்கள். கொழுந்து எடுக்கிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பாதிப் பேர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒருமுறை வந்த அட்டையை ஸ்கேன் பண்ணிக் கணினியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். தோட்டம், டிவிசன், பெயர் என்று அடுக்கினாள். இரண்டாயிரத்து எட்டில் அந்தப் பெட்டிக்குள் இரண்டாயிரத்து முந்நூறு முகங்கள் இருந்தன. அதை நினைத்து அவளுக்குப் பெருமைதான். யாரும் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்த வருடம் மார்ச்சில் விஜேந்திரன் வந்தான். பக்கத்துத் தோட்டத்துப் பையன், வயது இருபத்திரண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அடையாள அட்டைக்குப் போட்ட விண்ணப்பம் பிறப்புப் பதிவு சரியில்லை என்று இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்ததால், அட்டை இல்லாமல் சிம் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இறுகியிருந்த நேரம்.

"அம்மாவுக்கு முடியாம கெடக்குக்கா. கடை போன்ல மொதலாளி பேச வுடமாட்டாரு. ஒரு சிம் மட்டும் குடுங்க."

"அட்டை இல்லாம எப்படிடா?"

"நீங்க நெனச்சா முடியும்க்கா."

முடியும்தான். அவள் ஒரு கோப்பைத் திறந்தாள். கண்ணில் பட்டது மாரிசாமியின் அட்டை. தன் லயத்துக்கு அடுத்த லயம், மாமா என்று கூப்பிடுகிற மனிதர், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வாழ்நாளில் அவர் ஃபோன் கேட்கப்போவதில்லை. கொப்பி எடுத்தாள், படிவத்தை நிரப்பினாள், கையெழுத்து இடத்தில் மாரிசாமி என்று அவளே எழுதினாள். ஐந்து நிமிட வேலை. விஜேந்திரன் கும்பிட்டுவிட்டுக் கொழும்பு பஸ்ஸில் ஏறினான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போகிற நேரத்தில் தோட்டத்துக்கு ஜீப் வந்தது. மாரிசாமியைக் கத்தியோடு நின்ற இடத்திலேயே பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் அவர் மனைவி பெரியாயி கடைக்கு வந்தாள். கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

"போலீஸ்ல எழுதிக் குடுத்தாங்க தாயி. இந்த நம்பரு எம் புருசனோடதுங்கிறாங்க. குண்டு கேசுல யாரோ ஒருத்தனோட போன்ல இந்த நம்பரு இருந்துச்சாம். அவரு போனையே கையால தொட்டதில்ல. இது யாரு நம்பருன்னு ஒன் பொட்டியில பாத்துச் சொல்லு."

எண்ணைப் பார்த்ததுமே பாக்கியலெட்சுமிக்கு விளங்கிவிட்டது. அந்த வரிசை எண்கள் முழுவதும் அவள் கடையில் விற்றவை. கை தானாக விசைப்பலகையில் எதையோ தட்டியது. பெரியாயி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"தெரியல அத்தை. இதுல அதெல்லாம் காட்டாது."

பெரியாயி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் எப்படி வேலை செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. சந்தியில் ஜீப் சத்தம் கேட்டால் விரல் நின்றுவிடும். யாராவது சிங்களத்தில் சத்தமாகப் பேசினால் தலையைக் குனிந்துகொள்வாள். கடைக்குள் வருகிறவர் கதவைத் தள்ளும்போதெல்லாம் முதலில் காலணியைப் பார்த்தாள், பூட்ஸா செருப்பா என்று. படிவத்தில் இருப்பது தன் கையெழுத்து என்பது ஒன்று. மாரிசாமி மாமாவை என்ன செய்துகொண்டிருப்பார்களோ என்பது இன்னொன்று. இரண்டாவது பயத்தை விட முதல் பயம் பெரிதாக இருந்ததுதான் அவளுக்குத் தன்மேல் வெறுப்பை உண்டாக்கியது.

விஜேந்திரன் வேலை செய்த கடைக்கு ஃபோன் எடுத்தாள். சிம்மைப் பற்றிக் கேட்டதும் அவன் குரல் இறங்கிப்போனது.

"அந்தப் போனு ஏப்ரல்லயே புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல களவு போயிருச்சுக்கா. பொலிசுல சொன்னா எங்கிட்ட அட்டை கேப்பாங்க. பயந்துகிட்டு சும்மா இருந்துட்டேன்."

எடுத்தவன் யாருக்கு விற்றானோ, அது எந்தக் கைக்குப் போனதோ. யாருக்கும் தெரியாது. காகிதத்தில் மட்டும் அது மாரிசாமியுடையது.

எட்டாம் நாள் மொஹிதீனிடம் சொன்னாள். மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவருக்குக் கோபப்படக்கூட வரவில்லை.

"கடை என்ட பேர்ல, ஏஜென்சி என்ட பேர்ல. வீட்டுல மூணு குமர் கலியாணத்துக்கு இரிக்கு புள்ள" என்றார். பிறகு எழுந்து கடைக் கதவைப் பாதி சாத்தினார். "அழிச்சிடு. அந்தப் படம் எல்லாத்தையும் அழிச்சிடு. ஒண்டும் இல்லாட்டி ஒண்டும் கேக்க ஏலாது."

அவள் கோப்புகள் முழுவதையும் தெரிவு செய்து அழிக்கும் விசையை அழுத்தினாள். உறுதிதானா என்று கணினி கேட்டது. அந்தக் கேள்விக்குப் பின்னால் மாரிசாமியின் படம் திறந்தபடி இருந்தது. கறுத்த மீசை, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, முப்பது வயது முகம். மூலை கிழிந்த பழைய அட்டை.

அவள் விரலை எடுத்தாள்.

அந்த அட்டை இப்போது மாரிசாமியிடம் இல்லை. கிழிந்துபோனதால் அதைக் கொடுத்துவிட்டுப் புது அட்டை எடுத்திருந்தார், நரைத்த தலையோடு புதுப் படம். அதற்கான படிவத்தை நிரப்பியதும் இவள்தான். புது அட்டை வந்தது ஜனவரியில். சிம் படிவமோ மார்ச் மாதத்துடையது, அதோடு போனதோ பழைய அட்டையின் கொப்பி. மார்ச்சில் மாரிசாமி நேரில் வந்திருந்தால் பழைய அட்டையை எங்கிருந்து கொண்டுவந்திருப்பார்? அந்தப் பழைய அட்டை இரண்டாயிரத்து ஆறில் ஸ்கேன் பண்ணப்பட்டது என்று இந்தக் கணினி தேதியோடு காட்டும். வேறு எங்கும் அதற்கு ஆதாரம் இல்லை. அழித்தால் அவள் தப்புவாள். அவர் தப்பமாட்டார்.

"வேணாம் மொஹிதீன் நானா" என்றாள்.

மொஹிதீன் அவள் முகத்தைப் பார்த்தார். வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழி என்று மறுபடி சொல்லவில்லை. நீ செய்வது சரி என்றும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா அழுதாள். "வாய மூடிக்கிட்டு இரு. நீ உள்ள போனா நமக்குன்னு வந்து கேக்க யாரு இருக்கா?"

அந்த ஓர் இரவில் முடிவெடுத்தாள் என்று சொன்னால் அது பொய். இன்னும் மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் பயந்துகொண்டே இருந்தாள். நாலாம் நாள் மாரிசாமியைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தோட்டத்தில் பேச்சு அடிபட்டது. அன்றுதான் மாரிசாமியின் கோப்பை ஒரு சிடியில் பதிந்துகொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினாள்.

வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பையைக் கவிழ்த்தான். சாப்பாட்டுப் பொதி, குடை, சிடி. சிடியை வெயிலில் திருப்பிப் பார்த்தான்.

"என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"பாட்டு" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

அவன் இன்னொருமுறை திருப்பினான். பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. சிடியைப் பைக்குள் எறிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

பதுளையில் ஸ்ரீஸ்கந்தராஜா என்ற சட்டத்தரணியைத் தொழிற்சங்கக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர், இருபது வருடமாகப் பதுளையில் இருப்பவர். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை அழிச்சிருந்தீங்கள் எண்டால் அந்த மனுசனுக்கு ஒண்டும் மிஞ்சியிராது பிள்ளை. ஆனா சிம் ஆருக்குக் குடுத்தனீங்கள் எண்டு கட்டாயம் கேப்பினம். அந்தப் பேரையும் சொல்லத்தான் வேணும்."

"அவன் சின்னப் பையன் சார். அட்டையும் இல்ல."

"பேரைச் சொல்லாட்டி நீங்கள் சொல்லுறதை ஆரும் நம்பாயினம்." மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "எனக்கும் பயம்தான். என்ர அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு இருக்கு, தெரியுந்தானே. எண்டாலும் நான் உங்களோட வாறன்."

அவருடைய மேசையிலிருந்தே விஜேந்திரனுக்கு ஃபோன் எடுத்து, பொலிஸில் அவன் பேரைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். அவன் ஓடிப்போகலாம். ஓடிப்போனால் அவள் குறை சொல்லமாட்டாள். எதிர்முனையில் பாத்திரங்கள் விழுகிற சத்தம் கேட்டது.

"மாரிசாமி மாமாவ அடிச்சாங்களாக்கா?"

"தெரியல."

"நான் வாறேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்து மூன்று பேருமாகப் பொலிஸுக்குப் போனார்கள். பாக்கியலெட்சுமி நடந்ததைச் சொன்னாள். படிவத்தில் எழுதியதைப் போலவே மாரிசாமி என்று பத்துத் தடவை எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதே கேள்வியை நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டார்கள். கடைக் கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்களின் அட்டைகளும் அதற்குள் இருக்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாரிசாமி ஒருவரைக் காப்பாற்றப் போய், அந்தப் பெட்டியோடு இரண்டாயிரத்து முந்நூறு பேரையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். அந்தப் பயம் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

அவளை நான்கு நாள் வைத்திருந்து, நீதிமன்றத்தில் பிணை கொடுத்து விட்டார்கள். மாரிசாமி பிடிபட்ட இருபத்தாறாம் நாள் வெளியே வந்தார். விஜேந்திரன் வெளியே வர ஆறு வாரம் ஆனது. வந்தவன் கொழும்புப் பக்கம் போகவில்லை, வெலிமடையில் லொறிக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றப் போனான். பாக்கியலெட்சுமி மேல் போட்ட வழக்கு இரண்டு வருடம் நடந்து, அபராதத்தோடு முடிந்தது. மொஹிதீனின் சிம் ஏஜென்சி போய்விட்டது. அவர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, எட்டு மாதம் கழித்து, படிவம் நிரப்ப ஆள் இல்லை என்று அவரே கூப்பிட்டு அனுப்பினார். எதையும் சேர்த்து வைக்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அதைவிடக் கடுமையான நிபந்தனையை அவள் தனக்கே போட்டுக்கொண்டிருந்தாள்: யாருடைய அட்டையும் அவர்கள் கண்ணை விட்டு மறையக்கூடாது.

மாரிசாமி வந்த அன்றே அவர் வாசலில் போய் நின்றாள். அவருடைய வலது காது கேட்காமல் போயிருந்தது. "நீ சொல்லாம இருந்திருந்தா நான் திரும்பியிருக்கமாட்டேன்" என்றார். "நீ செய்யாம இருந்திருந்தா போயிருக்கவும்மாட்டேன்." இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரியாயி வெளியே வரவே இல்லை. தண்ணீர்ப் பீலியில் எதிரே பார்த்தாலும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

வழக்கு முடிந்த வருடம் மாரிசாமி வேலையிலிருந்து நின்றார். சேமலாப நிதிப் பணத்தை எடுக்க அட்டையின் கொப்பி வேண்டும். பெரியாயிதான் கொண்டுவந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது அந்தப் பொட்டிக்குள்ள போகுமா?"

"போகாது அத்தை. கொப்பி மிஷின்ல மட்டும்தான். நீங்களே உள்ள வந்து பாருங்க."

இரண்டு வருடத்துக்குப் பிறகு பெரியாயி அவளோடு பேசிய முதல் பேச்சு அந்தக் கேள்விதான். உள்ளே வந்தாள். இயந்திரத்தின் வெளிச்சம் அட்டையின் மேல் நகர்ந்து முடிகிறவரை பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"முன்னாடி வச்சிருந்தியே, அது?"

அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெரியாயி நம்பியிருப்பாள்.

"இங்க இல்ல. பொலிசுல இருக்கு, கோட்டுல இருக்கு, சிம் கம்பெனியில இருக்கு. அதையெல்லாம் என்னால எடுக்க முடியாது அத்தை."

பெரியாயி அட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கொப்பியை நான்காக மடித்தாள். ஹல்துமுல்லை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பாக்கியலெட்சுமி நேரத்தைச் சொன்னாள். இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பெரியாயி வெளியே போகாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.