அடிப்பக்கத் தையல்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் ஒரு பொருள் தொலைவதற்கு இடமே கிடையாது. இருப்பது படுக்க ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி. அப்படியும் என் பாஸ்போர்ட்டை மூன்று நாளாகக் காணவில்லை. அரிசி வாளிக்குள் கையை விட்டேன், சாமிப் படத்தைக் கழற்றினேன், மகளைக்கூடத் திட்டினேன். ஜோர்தானில் கார்மெண்ட் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அதைக் கேட்டு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவேன்."

எனக்குப் போக விருப்பமே இல்லை. ஏற்கெனவே ஏழு வருடம் கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்டில் சட்டைப் பை தைத்தேன். பை மட்டும்தான், முழுச் சட்டை இல்லை. மகளை அக்கா வளர்த்தாள். பிள்ளை நடந்ததையும் பேசியதையும் போனில்தான் கேட்டேன். வீட்டிலிருந்தே பள்ளிக்கூட உடுப்புத் தைக்க ஒரு பழைய மெஷின் அமைந்தால் ஜோர்தானுக்குத் தலைமுழுகிவிடலாம். கையிலிருந்த காசு ஒரு மெஷினுக்குத்தான் காணும். தப்பாக வாங்கினால் பிளேன் ஏற வேண்டியதுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பதுளைக்குப் போனேன். மூடிப்போன கார்மெண்டுகளின் சாமான் விற்கிற கடையில் நான்கு மெஷின்கள் கிடந்தன. பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"எல்லாம் தைக்கிற மெஷின்தானே, தங்கச்சி," என்றார் கடைக்காரர்.

இரண்டு, ஓரம் அடிக்க மட்டும் உதவும் ஓவர்லொக். துணியின் ஓரத்தை வெட்டும் கத்தி இருந்ததால் பார்த்ததுமே தெரிந்தது. மூன்றாவது, நான் ஏழு வருடம் கட்டி அழுத மெஷின் மாதிரியே இருந்தது. அவர் அதில் ஒரு துண்டுத் துணியை ஓட்டிக் காட்டினார். மணி மணியான தையல். பர்ஸைத் திறந்துவிட்டேன்.

அப்போது பார்த்து ஏஜென்ட்டின் போன் கோல். எடுக்கவில்லை. பதற்றத்தில் துணியைத் திருப்பித் திருப்பி நூல் நுனியை இழுத்தேன். சரசரவென்று முழுத் தையலும் பிரிந்து கையோடு வந்தது. அடிப்பக்கம் பார்த்தால் வளையம் வளையமாக நூல். செயின் ஸ்டிச், ஒற்றை நூல் சங்கிலித் தையல்! இதில் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு பிள்ளை ஓடினால் மடிப்பு வழியிலேயே கழன்றுவிடும். மேல்பக்கத்தைப் பார்த்து மயங்கிய என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"நானா, இதுல அடிநூல் பொபின் எங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"பொபின் இல்லாமலும் தைக்கும்தானே," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காவது மெஷின் மூலையில் இறுகிப்போய்க் கிடந்தது. சக்கரம் அசையவில்லை. தலையைச் சாய்த்து அடியில் விரலை விட்டேன். பொபின் வைக்கும் கூடு தட்டுப்பட்டது. லொக் ஸ்டிச், மேல்நூலும் அடிநூலும் கோத்துப் பிடிக்கிற தையல்! ஆனால் அதைச் சுற்றிப் பழைய நூல் சிக்கி இறுகியிருந்தது. அவரிடம் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றி, என் சேலை ஊக்கால் நூலைக் கிண்டிக் கிண்டி எடுத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சக்கரம் ஒரு முனகலோடு சுழன்றது.

கொண்டுபோயிருந்த மகளின் பழைய கவுனில், கையாலேயே சக்கரத்தைச் சுற்றி ஒரு சாண் நீளம் தைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். ஓரிடத்தில் நூல் அறுந்தது, ஆனாலும் மீதித் தையல் பிரியவில்லை. மெஷினுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, போனை எடுத்து, "நான் வரல்லங்க," என்றேன். ஏஜென்ட் என்னென்னவோ சொன்னார். கேட்காமல் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மெஷின் வாசலில் இறங்கியதும் கவுனை மகளிடம் நீட்டினேன்.

"இழுத்துப் பாரு. பிரியாது. இனிமே நான் வீட்டிலதான் தைக்கப் போறேன்."

இழுத்தாள். பல்லாலும் கடித்து இழுத்தாள்.

"அப்ப நீங்க போகலதானே, அம்மா?"

"போகல."

உள்ளே ஓடிப் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்தாள். கொப்பிகளுக்கு நடுவிலிருந்து, மற்றக் கொப்பிகளைப் போலவே பழுப்புத் தாளில் உறை போட்டிருந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

மூன்று நாளாக என் பாஸ்போர்ட் அவளோடு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.