நிலவறை அருவி

"என் நிலவறைக்குள்ள இறங்கின விளக்கு மறுபடி படியேறாது. நான் செத்தாலும் ஏறாது!" என்று எங்கள் ஷெபாய்கன் நகரமே கேட்க அறிவித்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர் நார்பர்ட் கிளாப்ஸ்கி. பழைய பீர் விளம்பர விளக்குகளைச் சேர்ப்பதில் அவருக்கிருந்த பக்தியை வேறு எதிலும், தேவாலயத்திலும்கூட, நான் கண்டதில்லை. அவருடைய நிலவறையில் நியான் கரடி உறுமும், கண்ணாடிக் குவளை நுரைக்கும். தூசி தட்டும் உரிமை மனைவி வெர்னாவுக்குக்கூடக் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மகாராணி, அருவி விளக்கு. உள்ளே ஒரு படச்சுருள் சுழல, தண்ணீர் ஓயாமல் கொட்டுவதுபோலவே தெரியும். தெருமுனை மதுக்கடை மூடப்பட்டபோது வாங்கியது. அதை இறக்கியபின்தான் நிலவறைப் படிக்குக் கைப்பிடியே போட்டார். படி குறுகிவிட்டதால் இனி அது வெளியே வர வழியில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

இந்தக் குளிர்காலத்தில், காலமான முதலாளியின் மகள் ஜானெல் அதே கடையைத் திறந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு நானும் நார்பர்ட்டும் போனோம். வேறு ஒருவருமில்லை.

"வாசல்ல இவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்கேன், நார்ப். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அடுத்த வெள்ளியும் இப்படின்னா பூட்டிட்டுப் போயிடுவேன்."

"போர்டை யாரு படிப்பா? ஜன்னல்ல பீர் விளக்கு எரியணும். இருட்டா இருந்தா, மூடியிருக்குன்னு வண்டிய ஓட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார் நிபுணர். சொன்ன பிறகுதான் அந்த ஜன்னலின் விளக்கு எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது போலும். வாயிலிருந்த மீன் அப்படியே நின்றது.

"அப்பா விளக்கு உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள் ஜானெல். திருப்பிக் கேட்கவில்லை, சும்மா விசாரித்தாள்.

"அது... பத்திரமா இருக்கும்மா."

வீட்டில் வெர்னா விடவில்லை. "ஏன்யா நார்ப், அந்த அருவி கீழ யாருக்குக் கொட்டுது? எலி குளிக்கவா?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கொள்கைய மீனோட வறுத்துத் தின்னு."

மறுவாரம் வெள்ளி மாலை, பக்கத்து வீட்டிலிருந்து ஆணிகள் கழலும் சத்தம். போய் எட்டிப் பார்த்தேன். கைப்பிடி சுவரோரம் கிடந்தது. நார்பர்ட், மகாராணியைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே வந்துகொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை பேசாதே. ஒரு கை பிடி" என்றார்.

கடை ஜன்னலில் மாட்டிப் பிளக்கைச் செருகினார். அருவி கொட்டத் தொடங்கியது. பனியில் போன ஒரு வண்டி வேகம் குறைந்து, ஓரமாக நின்றது.