களிமண்ணில் வேகம் குறையும்

சென்ற வாரம் பக்கத்து மனையில் போர் போட்டார்கள். சாம்பல் நிறச் சேறு தெருவரை வழிந்தது. குடியிருப்பில் எல்லோரும் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். நான் மட்டும் பால்கனியில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். ஈரக் களிமண், டீசல், கிரீஸ்: இந்த வரிசையில்தான் அந்த வாசனை வரும். அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதும் இதே வரிசைதான்.

அப்பா காடாம்புலியூர்ப் பக்கம் போர் வண்டி ஓட்டியவர். வண்டி முதலாளியுடையது, பைப்பில் கை வைப்பது அப்பா. அது அதிர்வதை வைத்தே கீழே மணலா, களியா, கல்லா என்று சொல்லிவிடுவார். பத்தடிக்கு ஒரு பிடி மண்ணெடுத்து வரிசையாகக் குவித்து வைப்பார். கடலூர்க் கரையோரம் என்றால் அதில் துளி எடுத்து நாக்கில் வைப்பார், உப்பு பார்க்க. வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு எம்பதடியில கருங்களி பாப்பா, உடவே மாட்டேங்குது" என்று தொடங்குவார். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடும் என் புத்தி அந்த மண் குவியல்களிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

2009இல் நான் சிதம்பரத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. விடுதித் தோழி ரெஜினா, பெங்களூரில் இருந்த அண்ணனிடமிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். அதற்கு எட்டு முகப் பகடை வேண்டுமாம், எங்கே போவது? எண் எழுதிய சீட்டுகளைப் பவுடர் டப்பாவில் குலுக்கினோம். அவரவர் பாத்திரத்தின் பூர்வ கதையை முதலில் எழுதித் தர வேண்டும் என்பது விதி.

என் பாத்திரம், பூமிக்கு அடியில் செல்லும் கப்பலின் ஓட்டி. சிரிக்காதீர்கள். பெயர் நிலவேணி. களிமண்ணையும் குதிரை வேகத்தில் துளைத்துப் போகும் இரும்புக் கப்பலில் சன்னல் கிடையாது; சுவரில் உள்ளங்கையை வைத்தே வெளியே என்ன மண் என்று அறிவாள். வழி தவறினால் மண்ணை நாக்கில் வைத்துக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்வாள்.

"எப்புட்றி இதெல்லாம் தோணுது ஒனக்கு?" என்றாள் ரெஜினா.

"சும்மா, கற்பனைதான்" என்றேன்.

அப்பா தண்ணீர்த் திட்டத்தில் இன்ஜினியர் என்று விடுதியில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். நிலவேணிக்கு அதைவிடத் தாராளமாக எழுதினேன். தந்தை: அரசவை அறிஞர், நிலநடுக்கத்தில் இறந்தார். சொந்தம்: யாருமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புவனகிரியில் வேலை முடித்து, முந்திரிப் பொட்டலத்தோடு விடுதிக்கு வந்துவிட்டார். சட்டை மாற்றியிருந்தார், நகக்கண்ணில் மண் இருந்தது. நான் அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது ரெஜினா தாளோடு வந்து நின்றாள்.

"அங்கிள், ஒங்க பொண்ணு எழுதுனதப் படிங்க. செம மூளை அவளுக்கு!"

அப்பா நிதானமாகப் படிப்பவர். விரல் வரி வரியாக இறங்கியது. 'தந்தை' என்ற இடத்தில் நின்றது. அடுத்த வரியிலும் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு பாப்பா" என்றார். "களியில இம்மாம் வேகம் போவாது, சுத்திப் புடிச்சுக்கும். மணல்லதான் ஓடும். அத மட்டும் மாத்திடு."

"அதெப்புடி அங்கிள் தெரியும்? ஓ, இன்ஜினியராச்சே நீங்க!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் குனிந்து பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றார், விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு. "ஆபீசுல பேசிக்குவாங்க."

அன்றே தாளில் வேகத்தைக் குறைத்தேன். தந்தை வரியைத் தொடவில்லை. அடுத்த பருவத்தோடு விளையாட்டு நின்றது. தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வண்டியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

இவை போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட உட்கார்ந்து, "காலேஜ் எப்புடிம்மா போவுது?" என்றார். எத்தனை அடி, என்ன மண், எதுவும் சொல்லவில்லை. பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. அது நின்றுபோனதைக் கவனிக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

சென்ற வாரம் பால்கனியிலிருந்து போன் செய்தேன். "பக்கத்துல போர் போடறாங்கப்பா. சாம்பக் களியா வருது."

"அப்புடியா" என்றார். "சன்னல சாத்திக்கம்மா. நாத்தம் வரும்."