எசேக்கியாஸ் அத்தானின் பெயர்

என் மகனை நான் "அத்தான்" என்றுதான் கூப்பிட்டேன். அவன் தகப்பன் தோபியாஸ் அவனைச் "சகலை" என்றார். என் அக்கா போலெட்டா தினமும் காலையில் காலணிப் பனியை உதறிக்கொண்டு உள்ளே வருவாள். வந்ததும் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, ராத்திரி தூங்குனீங்களா? தங்கச்சி உங்களுக்குச் சரியா பால் குடுத்தாளா?" என்று விசாரிப்பாள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை, அக்காவுக்கு வீட்டுக்காரர். எங்கள் ஊரில் இதைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். இறந்தவரின் பெயரை ஒரு பிள்ளைக்கு வைத்தால் அவருடைய முறையும் மரியாதையும் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும். பெயரோடு உயிரிலும் ஒரு பங்கு வந்துவிடுகிறது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். வேதத்தில் அப்படி இல்லை என்று உபதேசியார் சொல்வார். அவரே, தன் தாயின் பெயர் வைத்த மகளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

என் மகனுக்கு வைத்தது அக்காவின் வீட்டுக்காரர் எசேக்கியாஸின் பெயர். அத்தான் பெரிய வேட்டைக்காரர் அல்ல. உறைந்த கடலில் துளை போட்டு, நீளத் தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறவர். ஊரில் யாருக்காவது ரம்பம் வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். திருப்பிக் கொடுக்காவிட்டாலும் கேட்கமாட்டார், அக்காதான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வருவாள். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். காப்பிக்காக எவ்வளவு தூரமும் நடப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு மீன் கொண்டுபோனால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில், கடல் நன்றாக இறுகிவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த சமயத்தில், தூண்டிலைப் பார்த்துவரப் போனார். தென்மேற்குக் காற்று கிளம்பியது. கூரை பறந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டினோம். காற்று அடங்கியபோது அவருடைய வண்டி இழுக்கிற நாய்கள் மட்டும் ஓடிவந்தன. வார்களைக் கத்தியால் அறுத்து விட்டிருந்தார். தோபியாஸும் மற்றவர்களும் போய்ப் பார்த்தார்கள். அவர் துளை போட்ட இடமே அங்கே இல்லை. பனித்தளம் பெயர்ந்து வெளிக்கடலுக்குப் போய்விட்டிருந்தது. கறுப்புத் தண்ணீர் ஆவிவிட்டுக்கொண்டு கிடந்ததாம். உடல் இல்லாமலே உபதேசியார் அடக்க ஆராதனை நடத்தினார். அக்கா பாட்டுக்கு வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என் பிள்ளை பிறந்தான். பிறந்தவன் பால் குடிக்கவில்லை. உதடு நீலம் பாரித்தது, அழுகை பூனைக்குட்டி மாதிரி மெலிந்துகொண்டே போனது. எனக்கு அதற்கு முன் பிறந்தது இதேபோலத்தான் போயிற்று. நான் ஜெபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அக்கா வந்து குனிந்து அவன் காதில், "எசேக்கியாஸ், இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள். அவன் அழுகையை நிறுத்தினான். அன்று சாயங்காலம் பால் குடித்தான். கர்த்தருடைய கிருபை என்று நான் சொன்னேன். அக்கா, "கிருபைதான். அதோட அவருக்குப் பசியும்தான்," என்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து கடல் மறுபடியும் இறுகியது. டவுனுக்குப் போய்க் குருவானவர் கையால் ஞானஸ்நானம் வாங்கிவரக் கிளம்பினோம். தோபியாஸ் பனிவண்டி ஓட்டினார். நாய்கள் விசிறி மாதிரி விரிந்து முன்னால் ஓடின. பிள்ளை என் அங்கியின் முதுகுப் பைக்குள் வெற்றுடம்போடு என் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தான். ஞானத்தாயாக வந்த அக்கா, உறைந்த மீனும் காப்பிப் பொடியும் கட்டி எடுத்து வந்தாள். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் மறைந்துபோகிற சூரியன் திரும்பிவர இன்னும் நாள் இருந்தது. நடுப்பகலில் தெற்கே கொஞ்சம் சிவக்கும், உடனே நிலா வெளிச்சம்தான்.

பாதி வழியில், கடல் ஒடுங்குகிற இடத்தில், பயணிகள் தங்குகிற குடிசை ஒன்று உண்டு. தூரத்திலிருந்தே அதன் குழாயில் புகை தெரிந்தது. காப்பி தயாராக இருக்கும் என்று எனக்குச் சந்தோஷம். கிட்டே போனதும் தோபியாஸ் நாய்களை நிறுத்தினார்.

"உள்ள ஆள் இருக்கு. வெளிய நாய் ஒண்ணுகூட இல்ல," என்றார்.

அந்த இடத்துக்கு நாய் இல்லாமல் யார் வருவார்கள். ஊரை வெறுத்து மலைக்குப் போய்விடுகிறவன் மனிதனாகத் திரும்புவதில்லை. அவனைக் கிவிட்டோக் என்போம். அவன் அடுப்பு மூட்டுவான், மனிதக் குரலில் பேசுவான், ஆனால் மனிதன் இல்லை. நான் கர்த்தரை நம்புகிறவள். ஆனாலும் அந்தப் புகையைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"துப்பாக்கிய எடுக்கவா?" என்று தோபியாஸ் மெதுவாகக் கேட்டார்.

"எடுத்து என்ன பண்ணப் போறீங்க, புகையைச் சுடப் போறீங்களா?" என்றாள் அக்கா. என் பைக்குள் கைவிட்டுப் பிள்ளையை உருவித் தன் அங்கிக்குள் போர்த்திக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் இங்க விறைச்சுப் போறார். நீங்க நின்னு யோசிச்சுக்கிட்டு இருங்க." கதவைத் தோளால் தள்ளி உள்ளே போய், இருட்டைப் பார்த்து, "தள்ளி உட்காருங்க, யாரா இருந்தாலும். என் வீட்டுக்காரருக்கு அடுப்புப் பக்கம் இடம் வேணும்," என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த வீட்டுக்காரர்?"

நான் அவள் பின்னால் வாசலில் நின்றேன். அடுப்புப் பக்கத்தில் நரித்தோல் சுற்றிக்கொண்டு ஒருவர் இருந்தார். கன்னம் உள்ளே போய், மூக்கு நுனி கறுத்திருந்தது. ஒரு காலில் துணி கட்டியிருந்தது. எசேக்கியாஸ் அத்தான்.

யாரும் அலறவில்லை. அலறினால் பரவாயில்லை என்று இருந்தது. அக்கா அப்படியே நின்றாள். அவள் கை பிள்ளையை இறுக்கிக்கொண்டே போவதை நான் பார்த்தேன். தோபியாஸ் என்னைப் பின்னால் இழுத்துவிட்டுத் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தார்.

"மனுஷனா இருந்தா பரமண்டல ஜெபம் சொல்லு," என்றார்.

"உட்கார்ந்தே சொல்லலாமா? கால் சரியில்ல, சகலை."

"சொல்லு."

அவர் கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தார். ஆகாரம் கேட்கிற இடம் வந்தது. கேட்டார். அடுத்த வரிக்குப் போகாமல் மறுபடியும் ஆகாரமே கேட்டார். உபதேசியார் எத்தனை ஞாயிறு திருத்தியும் திருந்தாத தப்பு அது. பாதி ஜெபத்திலேயே தோபியாஸின் துப்பாக்கி தரையைப் பார்த்தது. அவர் சுவரில் சாய்ந்து அழுதார்.

அக்கா மட்டும் அசையவில்லை. "நீங்க செத்துட்டீங்க," என்றாள்.

"அப்படியா."

"ஆராதனையெல்லாம் நடந்தது."

"அழுதியா?"

"ஊருக்கே தெரியும்."

"நிறையவா?"

"நிறைய."

"அடப்பாவமே. வீணாப் போச்சே," என்றார். தோள் குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை. அடுப்புக்கு எதிர்ப்பக்கம், அவருக்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் காப்பி போட்டேன். பாதிப் பொடி தரையில் கொட்டியது. அத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பனித்தளம் வெளித்தீவில் போய் முட்டியதாம். கோடையில் முட்டை பொறுக்கப் போகிறவர்கள் விட்டுவைத்த கல்குடிசைக்குள் புகுந்துகொண்டாராம். தின்றது நரி, பனிக்காட்டு வெள்ளைக்கோழி, ஒருமுறை பனிப்பிளவில் கிடைத்த ஒரு சீல். புதுப்பனி ஆளைத் தாங்கும் என்று தெரிந்ததும் நடக்கத் தொடங்கி, முந்தின நாள்தான் இந்தக் குடிசைக்கு வந்து சேர்ந்தாராம். பேசிக்கொண்டே அக்காவின் அங்கியைப் பார்த்தார்.

"அது யாரோடது?"

"என்னோடது, அத்தான்," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததும் உள்ளேயிருந்து பிள்ளை சிணுங்கினான். அவனைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான்.

"பேர் என்ன?"

நான் கேட்காத மாதிரி அடுப்பைக் கிளறினேன். அடுப்பே அணைந்துவிடக்கூடாதா என்று நினைத்தேன். உயிரோடிருக்கிறவரின் பெயரை எங்கள் பக்கம் பிள்ளைக்கு வைப்பதில்லை. வைத்தால் அவர் உயிரைப் பங்கு போட்ட மாதிரி, அவர் நாள் குறையும் என்பார்கள். கொடுத்த பெயரைப் பிடுங்கினால் பிள்ளை உயிர் தங்காது என்பார்கள். இரண்டையும் நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே அடுப்பைச் சுற்றி வந்து உட்காரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தோபியாஸ்தான் சொன்னார். "உன் பேருதான், சகலை. நீ இல்லன்னு நெனச்சோம்."

அத்தான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். காப்பியைக் குடிக்காமல் அவர் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"இன்னும் ஞானஸ்நானம் ஆகல," என்று தோபியாஸ் அவசரமாகச் சொன்னார். "மாத்திடலாம். எங்கப்பா பேரு இன்னும் யாருக்கும் வைக்காம சும்மாத்தான் இருக்கு. நாளைக்குக் குருவானவர்கிட்ட அதைச் சொல்லிடறேன்."

என் கணவர் நல்லவர். அவர் வாயிலிருந்து அப்படி வந்தது.

அத்தான் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பேர் வைக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்தான்?"

நன்றாகத்தான் இருந்தான் என்று நான் பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பெயர் அவரிடமே போயிருக்கும். கர்த்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து உள்ளதைச் சொன்னேன். பால் குடிக்காதது, உதடு நீலமானது, அக்கா காதில் கேட்டது, எல்லாம். அவர் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரை வண்டியில் படுக்க வைத்தோம். அக்காவுக்கு அவர் பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது. அவள் ஏறவில்லை. வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு டவுன் வரைக்கும் ஓடியும் நடந்தும் வந்தாள். "ஏறு," என்று ஒருமுறை அவர் சொன்னார். "யார்கூட உட்காரச் சொல்றீங்க?" என்றாள். மூச்சு வாங்கியது. "எனக்கே தெரியல. தெரிஞ்சதும் உட்கார்றேன்."

வண்டி டவுனுக்குள் நுழைந்ததுமே, எங்களுக்கு முன் செய்தி கோயிலுக்குப் போய்விட்டது. வாசலில் நின்றவர்கள் அத்தானுக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்கு அல்ல, உரசிவிடக்கூடாது என்று. அவர் நொண்டிக்கொண்டே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

குருவானவர் டென்மார்க்காரர். எங்கள் மொழியை மெல்ல மெல்லப் பேசுவார். தொட்டியில் வெந்நீர் ஊற்றியிருந்தார்கள். ஞானத்தாய் பிள்ளையை ஏந்தி நின்றாள்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?"

அக்காதான் சொல்லவேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். நான் தோபியாஸைப் பார்த்தேன். அவர் தன் தகப்பன் பெயரைச் சொல்ல மூச்சை இழுப்பது எனக்குத் தெரிந்தது. கர்த்தாவே, ஒருவரை எடுத்துக்கொள்ளும்படி நான் உம்மைக் கேட்கமாட்டேன், இருவரையும் விட்டுவையும் என்று மனதுக்குள் சொன்னேன்.

"எசேக்கியாஸ்."

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார். குருவானவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும், மறுபடியும் கேட்டார்.

"எசேக்கியாஸ்," என்றார் அத்தான், இன்னும் பலமாக. "எழுதிக்குங்க. பேரு அவனோடது. நான் இல்லாதப்போ அவன்தான் அதைப் பாத்துக்கிட்டான். திருப்பிக் கேக்கறது நியாயம் இல்ல."

தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை கத்தினான், நன்றாக, தொண்டை கிழிய. கண்ணைத் துடைக்க எனக்குக் கை எழவில்லை. ஆராதனை முடியும் வரை அத்தான் செத்து விழுந்துவிடுவார் என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விழவில்லை. பாட்டைச் சுருதி இல்லாமல் பாடினார். அக்கா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான். ஆனால் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு, ஊரில் யாராவது எசேக்கியாஸ் என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். பனியில் ஆபத்து என்று கத்தினால்கூட, அந்தப் பெயர் சொல்லிக் கத்தினால், நடந்துகொண்டே இருப்பார். "அட, இன்னொருத்தரே" என்றால்தான் நிற்பார். சாகும் வரை அப்படித்தான் இருந்தார், அதற்குப் பல வருடங்கள் ஆயின. தினமும் காலையில் மீனோடு எங்கள் வீட்டுக்கு வருவார். பனியை உதறமாட்டார், காப்பிகூடக் கேட்கமாட்டார், முதலில் என் மகன் படுத்திருக்கிற பக்கம் எட்டிப்பார்ப்பார்.

"என்ன கொழுந்தியா, நான் எழுந்துட்டேனா? பால் குடிச்சேனா?"

"குடிச்சீங்க, அத்தான்," என்பேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.